நோய் வராத வீட்டையும் எண்ண வேண்டும்

மன்னார்குடி வட்டத்து நடுநிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் நோய்ப்பரவலியல், பொதுச் சுகாதாரம் ஆகிய தலைப்புகளில் நடக்கும் அறிவியல் போட்டி ஒன்றில் கலந்துகொள்ளப் போகிறார்கள். ஓர் ஊரில் நோய் பரவிய விவரத்தைத் தாளில் கொடுத்து, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்களாம். அத்துடன் சொந்த ஊரில் செய்த சிறிய கள ஆய்வு ஒன்றையும் எடுத்துச்செல்ல வேண்டுமாம். "கிருமிகளின் பெயர்கள், அவை பரவும் வழிகள், தடுப்பூசி அட்டவணை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டேன். இதற்கு மேல் என்ன சொல்லித்தர வேண்டும்?" என்று அவர் கேட்கிறார்.

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் கிராமங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். தாங்கள் மனப்பாடம் செய்ய வைத்தவை வீண் போகா. ஆனால் பிள்ளைகள் தடுமாறும் இடம் வேறு. நோயுற்றவர்களை அக்கறையாக விசாரித்துவிட்டு, நோய் வராதவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பிவிடுவார்கள். பணியில் புதிதாகச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர்களும் இதையே செய்வார்கள். தொடக்கத்தில் நானும் இதையே செய்தேன். போட்டிக்கு இருக்கும் நாட்களில் பெரும்பகுதியை இந்த ஒன்றைச் சொல்லித்தருவதற்கே செலவிடுங்கள் என்பேன்.

எப்படிச் சொல்லித்தருவது என்பதற்கு ஒரு கணக்கைத் தருகிறேன். இது நானே பயிற்சிக்காக அமைத்தது. கோயில் திருவிழாவில் அன்னதானம் நடக்கிறது. அன்று மாலைக்குள் பலருக்கு வாந்தி. சாப்பிட்டவர்களில் 100 பேரை விசாரிக்கிறோம்; 46 பேர் நோயுற்றிருக்கிறார்கள். அந்த 46 பேரில் 42 பேர் தயிர்சாதம் சாப்பிட்டவர்கள். உடனே வகுப்பே "தயிர்சாதம்தான் காரணம்" என்று கூவும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அதே 46 பேரில் 42 பேர் புளியோதரையும் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். இப்போது வகுப்பு அமைதியாகிவிடும். நோயுற்றவர்களை மட்டும் கேட்டால் தயிர்சாதத்துக்கும் புளியோதரைக்கும் இம்மியளவும் வேறுபாடு தெரியாது.

அடுத்து, நோய் வராத 54 பேரையும் கணக்கில் சேருங்கள். தயிர்சாதம் சாப்பிட்டவர்கள் மொத்தம் 60 பேர், அவர்களில் 42 பேருக்கு நோய், அதாவது 70 விழுக்காடு. அதைச் சாப்பிடாத 40 பேரில் 4 பேருக்கு மட்டும் நோய், அதாவது 10 விழுக்காடு. புளியோதரை சாப்பிட்டவர்கள் 90 பேர், அவர்களில் 42 பேருக்கு நோய், சுமார் 47 விழுக்காடு. சாப்பிடாத 10 பேரில் 4 பேருக்கு நோய், 40 விழுக்காடு. தயிர்சாதம் சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சாப்பிடாதவர்களைப் போல 7 மடங்கு. புளியோதரையில் அது ஏறத்தாழ 1.2 மடங்குதான். இந்த விழுக்காட்டைத் தாக்கு விகிதம் என்றும், இரண்டு விழுக்காடுகளுக்கு இடையிலான மடங்கை ரிலேட்டிவ் ரிஸ்க் என்றும் சொல்வார்கள். வகுத்தல் தெரிந்த பிள்ளைக்கு இதற்கு மேல் கணிதம் தேவையில்லை. வகுக்கும்போது கீழே எழுதும் எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாடம்.

பிள்ளைகள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். தயிர்சாதம் சாப்பிடாத 4 பேருக்கு ஏன் நோய் வந்தது? குழந்தையின் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டதை மறந்திருக்கலாம். வேறு காரணத்தால் அன்று வாந்தி எடுத்திருக்கலாம். நாம் கணக்கெழுதும்போது பிழை செய்திருக்கலாம். இரண்டாவது கேள்வி, தயிர்சாதத்தில் என்னதான் நடந்தது? தூரப் பயணத்துக்குக் கட்டும் தயிர்சாதத்தில், புளிக்காமலிருக்கப் பாலை அதிகமாக ஊற்றித் தயிரைக் குறைவாகச் சேர்ப்பது நம் வீடுகளின் வழக்கம். புளிப்பு கிருமிகளை ஓரளவு அடக்கி வைக்கும். புளியோதரை நாள்பட நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பால் கூடினால் அந்தக் காவல் குறைகிறது. விடியற்காலையில் பிசைந்த சோறு நண்பகல் வரை வெதுவெதுப்பாக அண்டாவில் இருந்தால், ஸ்டாஃபிலோகாக்கஸோ பேசிலஸ் சீரியஸோ வளர்ந்து நச்சைச் சேர்த்துவிடும். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்குவது இவ்விரண்டின் அடையாளம். தாங்கள் மனப்பாடம் செய்ய வைத்த கிருமிப் பெயர்கள் இந்த இடத்தில்தான் பயன்படும். விசாரணை முடிந்தபின் வந்து பொருந்தும்.

இத்தகைய கணக்குகளில் பெயர்பெற்றது, 1940 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஆஸ்வீகோ பகுதியில் நடந்த ஒரு தேவாலய விருந்தைத் தொடர்ந்து செய்த விசாரணை. விசாரிக்கப்பட்ட 75 பேரில் 46 பேர் நோயுற்றிருந்தார்கள். வனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய். சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்கு மட்டும் நோய். அமெரிக்கப் பள்ளிகளின் சயின்ஸ் ஒலிம்பியாடில் 'டிசீஸ் டிடெக்டிவ்ஸ்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குத் தயாராகும் மாணவர்களும், மருத்துவக் கல்லூரி மாணவர்களும்கூட, இந்த ஆஸ்வீகோ அட்டவணையைப் போட்டுப் பழகுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அதை அப்படியே கொடுக்காமல், கோயில் அன்னதானமாகவோ வளைகாப்புச் சாப்பாடாகவோ மாற்றிக் கொடுத்தால், யார் எதை எந்தப் பந்தியில் சாப்பிட்டார்கள் என்று அவர்களே கேள்விகளை அடுக்குவார்கள்.

இனி, தாளில் வராத ஒன்றைச் சொல்கிறேன். வெண்ணாற்றுப் பாசனத்து ஊர் ஒன்றில், ஐப்பசி மழைக்குப் பின் இரண்டு தெருக்களில் வயிற்றுப்போக்குக் கண்டது. ஊர் முழுவதும் மேல்நிலைத் தொட்டியின் மீதே பழி போட்டது. நோயுற்றவர்கள் எல்லாரும் தொட்டித் தண்ணீர் குடித்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் நோயே இல்லாத மூன்றாவது தெருவும் அதே தொட்டித் தண்ணீரைத்தான் குடித்தது. அந்தத் தெருவுக்கு நான் இரண்டு நாள் போகவில்லை. நோயில்லாத தெருவில் என்ன வேலை என்று நினைத்திருந்தேன். போன பிறகுதான் வேறுபாடு கண்ணில் பட்டது. தொட்டிக்கு அருகில் இருந்த அந்தத் தெருவில் குழாய்கள் இடுப்பளவு உயரத்தில் இருந்தன. கடைக்கோடியில் இருந்த இரண்டு தெருக்களிலும் தண்ணீரின் வேகம் போதாமல், வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழாயைத் தரைக்குக் கீழே அறுத்துவைத்து, குழிக்குள் குடத்தை இறக்கித் தண்ணீர் பிடித்தார்கள். மழை பெய்ததும் குழிகளில் சாக்கடை நீர் நிரம்பியது. காலையில் ஒரு மணி நேரம் வந்து தண்ணீர் நின்றதும், வெறுமையான குழாய் அந்தக் குழிநீரை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுநாள் முதல் குடத்தில் அது வந்தது.

அந்தக் கடைக்கோடித் தெருக்கள் இரண்டில் ஒன்றில், நடுவே ஒரு வீட்டில் மட்டும் யாருக்கும் ஒன்றுமில்லை. வயதான அம்மா ஒருவரும் அவருடைய பேரனும் அங்கே இருந்தார்கள். நீங்கள் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "குழிக்குள்ள குனிஞ்சு எடுக்க இடுப்பு ஒத்துக்க மாட்டேங்குது தம்பி, அடிபம்புலதான் புடிச்சு வச்சிக்கிறோம்" என்றார். அந்தத் தெருவில் நோயுற்ற முப்பது பேர் சொல்லாததை அந்த ஒரு வீடு சொல்லிவிட்டது. குழிகளை மூடி, குழாயை உயர்த்தி, குளோரின் கூட்டிய பிறகு, அடுத்த வாரத்தில் நோய் அடங்கியது.

லண்டனில் 1854இல் மருத்துவர் ஜான் ஸ்நோ கண்டதும் இத்தகைய வீடுகளைத்தான். பிராடு தெருவின் கைப்பம்பைச் சுற்றிக் காலரா சாவுகள் குவிந்தன என்று பாடநூல்கள் சொல்லும். அந்தப் பம்புக்கு அருகிலேயே இருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் இறந்தவர்கள் 5 பேர்தான், ஏனெனில் அங்கே தனிக் கிணறு இருந்தது என்பதையும், அதே தெருவின் பீர் ஆலையில் வேலைசெய்த எழுபதுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் காலராவால் இறக்கவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்நோவின் வாதத்துக்கு வலுச்சேர்த்தவர்கள் அவர்கள். செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றுவிட்டது என்று மட்டும் எழுத வேண்டாம். மக்கள் ஏற்கெனவே ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்ததால் நோய் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. ஸ்நோவே அதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்து எழுதும் மாணவருக்கு நான் நடுவராக இருந்தால் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

லண்டன்வரை போகாமல் பேச வேண்டுமென்றால் காரைக்கால் இருக்கிறது. 2022 ஜூலை மாதத் தொடக்கத்தில் அங்கே காலரா உறுதியாகி, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. காவிரி கடலில் சேரும் நிலத்தில், நம் பிள்ளைகள் பிறந்த பிறகு நடந்தது அது. காலரா என்பது பாட்டிகள் காலத்து வாந்திபேதி என்று நினைக்கும் வகுப்பில் இதைச் சொன்னால் கவனம் திரும்பும்.

அடுத்து, யாரை நோயாளி என்று எண்ணுவது என்ற கேள்வி. விசாரணை தொடங்குமுன் ஒரு வரையறையை எழுதிக்கொள்ள வேண்டும்: இன்ன ஊரில் வசிப்பவர், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை, 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராக மலம் கழித்தவர் என்பதுபோல. ஆள், இடம், காலம், அறிகுறி நான்கும் அதில் இருக்க வேண்டும். நாம் சந்தேகிக்கும் காரணம் அதில் இருக்கக்கூடாது. "குழாய்த் தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கு வந்தவர்" என்று எழுதினால், கேள்விக்குள்ளேயே விடையை வைத்துவிட்டோம்.

வரையறை நம்முடைய மொழியில் இருந்தாலும், விசாரிக்கும் சொல் அந்த வீட்டின் மொழியில் இருக்க வேண்டும். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும் வீட்டில் போய் "அம்மை நோயா?" என்று கேட்டால் கதவைச் சாத்துவார்கள், "அம்மா வந்திருக்காங்களா, தலைக்கு எப்போ தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டால் நாட்கணக்கோடு சொல்வார்கள். மஞ்சள் காமாலையும் அப்படித்தான். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து வீட்டிலேயே பத்தியம் இருப்பவர்கள் பலர், அவர்களுடைய பெயர் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டை மட்டும் பார்த்து "எங்கள் ஊரில் காமாலை இல்லை" என்று எழுதும் ஆய்வை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

காமாலையைச் சொன்னதால், காலக் கணக்கையும் அதிலேயே விளக்கலாம். கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட அடைகாலம், ஹெபடைடிஸ் ஏ காமாலைக்கு 15 முதல் 50 நாட்கள், சராசரியாக 28 நாட்கள். ஆகவே மார்கழி முதல் வாரத்தில் ஊரில் காமாலை உச்சத்தில் இருந்தால், காரணத்தைக் கார்த்திகை முதல் வாரத்துத் தண்ணீரில் தேட வேண்டும். மார்கழித் தண்ணீரைப் பரிசோதித்து, சுத்தமாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிப் பயனில்லை. காலராவுக்கு அடைகாலம் சில மணி நேரத்திலிருந்து 5 நாட்கள் வரை. தட்டம்மைக்குச் சராசரியாக 10 முதல் 14 நாட்கள். எலிக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள். நடவு வயலில் காலில் வெட்டுக்காயத்தோடு இறங்கியவருக்குக் காய்ச்சல் வரும்போது, அவர் அந்த வயலையே மறந்திருப்பார்.

இதை வரைபடமாக்க, வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் நாட்களை வரிசையாகக் குறித்து, ஒரு நோயாளிக்கு ஒரு புளியங்கொட்டை என்று அந்தந்த நாளின் மேல் அடுக்கச் சொல்லுங்கள். ஒரே விருந்தில் எல்லாரும் ஒரே வேளையில் நோயேற்றால் கொட்டைகள் சட்டென்று ஏறி, மெல்ல இறங்கும் ஒற்றைக் குன்றாக நிற்கும். தொட்டித் தண்ணீர் நாள்தோறும் கெட்டு வந்தால் குன்று தட்டையாக நீளும். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றும் தட்டம்மை போன்றதென்றால், ஓர் அடைகால இடைவெளிவிட்டு ஒவ்வொன்றும் முந்தியதைவிட உயரமான குன்றுகளாக எழும்பும். கையால் அடுக்கிய பிள்ளைக்குப் போட்டித் தாளில் வரும் வரைபடத்தைப் பார்த்தவுடன் இனம் தெரியும்.

இன்னொரு நுணுக்கம், தேர்வில் அடிக்கடி கேட்பது. அன்னதானத்தில் சாப்பிட்ட எல்லாருடைய பட்டியலும் கையில் இருந்தால் தாக்கு விகிதம் கணக்கிடலாம். திருவாரூர்க் கடைத்தெருவில் யார் யார் சாப்பிட்டார்கள் என்ற பட்டியல் கிடைக்காது; அப்போது நோயுற்றவர்களையும், அவர்களை ஒத்த வயதும் தெருவும் உடைய நோயற்றவர்களையும் தேர்ந்தெடுத்து ஒப்பிட வேண்டும். அங்கே கணக்கிடுவது ஆட்ஸ் ரேஷியோ, அதாவது சாப்பிட்டவர்களில் நோயுற்றவர்களுக்கும் நோயற்றவர்களுக்கும் உள்ள விகிதம், சாப்பிடாதவர்களில் உள்ள அதே விகிதத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. மேலே சொன்ன தயிர்சாதக் கணக்கில் சாப்பிட்டும் நோய் வராதவர்கள் 18 பேர், சாப்பிடாமல் நோயும் வராதவர்கள் 36 பேர்; 42ஐ 36ஆல் பெருக்கி, அதை 18ஐ 4ஆல் பெருக்கி வந்ததால் வகுத்தால், 21 வரும். ரிலேட்டிவ் ரிஸ்க் 7தான். "21 மடங்கு ஆபத்து" என்று எழுதிவிடக்கூடாது.

கள ஆய்வுக்கு நான் பரிந்துரைப்பது கொசுப்புழுக் கணக்கெடுப்பு. நோயாளியைத் தொட வேண்டியதில்லை, ஊசியில்லை, மருந்தில்லை. ஒரு கரண்டியும் டார்ச்சும் போதும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும்: பிளாஸ்டிக் டிரம், சிமென்ட் தொட்டி, கொல்லையில் கிடக்கும் கொட்டாங்கச்சி, பழைய டயர், பயன்படுத்தாத ஆட்டுக்கல்லின் குழி, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு. பின்னதை யாரும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். நீர்ப்பரப்போடு படுக்கையாக மிதந்தால் அது மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸின் புழு. தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். கியூலெக்ஸ்தான் சாக்கடையில் பெருகி, கும்பகோணம் பக்கத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கண்ட யானைக்கால் நோயைப் பரப்பியது.

50 வீடுகளைப் பார்த்து, 6 வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 12. அந்த வீடுகளில் தண்ணீருள்ள 200 பாத்திரங்களைப் பார்த்து, 9இல் புழு இருந்தால் கலன் குறியீடு 4.5. நூறு வீடுகளுக்குப் புழுவுள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரெட்டோ குறியீடு, இங்கே 18. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால், பாத்திரங்களைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே 50 வீடுகளையும் மறுபடி எண்ணினால் ஆய்வு முழுமையாகும். இப்படிச் செய்த ஆய்வைத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் எடுத்துச்செல்லலாம். 10 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் அதில் பங்கேற்கிறார்கள்.

தண்ணீரை ஆராய விரும்பினால், குழாய்முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கலாம். தொட்டியடியில் மட்டும் பார்க்காமல், கடைசி வீட்டுக் குழாயிலும் பார்க்க வேண்டும்.

கடைசி வீடு என்று சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் தெருக்கள் சாதியால் பிரிந்தவை. நோயுற்ற வீடுகளை வரைபடத்தில் புள்ளியிட்டால், பல ஊர்களில் அது சாதி வரைபடமாகத் தோற்றமளிக்கும். குழாய் கடைசியாகப் போய்ச்சேரும் தெருவும், பள்ளத்தில் இருப்பதால் மழைநீர் தேங்கும் தெருவும் பெரும்பாலும் காலனித் தெருவாக இருக்கும். "அவர்களிடம் சுத்தம் இல்லை" என்று ஒரு பிள்ளை சொல்லுமானால் அந்த இடத்திலேயே பாடத்தை நிறுத்தி, அந்தத் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை நிமிடம் வருகிறது, வடிகால் இருக்கிறதா, எத்தனை வீடுகளுக்கு ஒரு குழாய் என்று எண்ணி வரச் சொல்லுங்கள். அந்தத் தெருவிலேயே நோய் வராத வீடுகளும் இருக்கும். அவற்றையும் எண்ணி வரச் சொல்லுங்கள். வகுப்பில் அந்தத் தெருப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

ஆய்வுத்தாளில் பெயர்கள் வேண்டாம், வீட்டுக்கு எண் போதும். வீட்டாரின் சம்மதம் கேட்டு, மறுத்தால் வணங்கிவிட்டு நகர வேண்டும். மறுத்த வீடுகள் எத்தனை என்பதையும் எழுத வேண்டும். இன்ன கடையால்தான் நோய் வந்தது என்று பிள்ளைகள் ஊரில் சொல்லித் திரியக்கூடாது. ஏதேனும் தெரியவந்தால் தாங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ சொல்லுங்கள். ஊரில் வழக்கத்துக்கு மாறாக நோய் கூடினால் அவர்கள் மேலே அறிவிக்க வேண்டியவர்கள்.

போட்டித் தாளில் விசாரணைப் படிகளை வரிசைப்படுத்தச் சொல்வதுண்டு. நூல்களில் அவை பத்துப் படிகளாகவும் பதின்மூன்று படிகளாகவும் வரும். எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். நோய் உண்மையிலேயே வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று உறுதிசெய்வது தொடக்கத்தில் வரும், நடந்ததை மக்களுக்குத் தெரிவிப்பது இறுதியில் வரும். தடுப்பு நடவடிக்கை பட்டியலில் கீழே இருந்தாலும் அதற்காகக் காத்திருக்கக்கூடாது என்று பிள்ளைகள் ஒரு வரி எழுதட்டும்: கெட்ட தண்ணீர் என்ற ஐயம் வந்த அன்றே கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிவிட வேண்டும், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை வீடுகளில் கொடுத்துவிட வேண்டும், குழியில் அறுத்துவைத்த குழாயை அதற்குப் பிறகு தேடலாம்.